அப்பாவும் மகளும் ஒரே குழுவில்

ஜூலை பிறந்தால் செக் குடியரசில் பள்ளிகளுக்கு இரண்டு மாத விடுமுறை. பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு 'டாபோர்' கிளம்பிவிடுவார்கள். டாபோர் என்றால் முகாம். பதினைந்தாம் நூற்றாண்டில் சீர்திருத்தம் பேசியதற்காக எரிக்கப்பட்ட யான் ஹஸ்ஸின் ஆதரவாளர்கள் 1420ல் நிறுவிய ஊருக்கும் இதே பெயர்தான். அங்கே கோடை முகாம் என்பது நம் ஊரில் லீவுக்குப் பாட்டி வீடு போவதைப் போல. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் சிவப்புக் கழுத்துத் துணி கட்டிய பயனியர் இயக்கம் இந்த முகாம்களை நடத்தியது. 1989 நவம்பரில் அந்த ஆட்சி போயிற்று. பள்ளிகளில் கட்டாயப் பாடமாக இருந்த ரஷ்ய மொழியின் மவுசும் கூடவே போயிற்று. எல்லோருக்கும் ஆங்கிலம் வேண்டியிருந்தது.

இதைச் சட்டென்று புரிந்துகொண்டவர்களில் கிறிஸ்தவ ஊழியர்களும் உண்டு. 1993ல் தொடங்கப்பட்ட ஜோசையா வென்ச்சர் என்ற அமைப்பு, செக் திருச்சபைகளுடன் சேர்ந்து கோடையில் ஆங்கில முகாம்களை நடத்துகிறது. அமெரிக்காவில் உள்ள ஏதாவது ஒரு திருச்சபை பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை அனுப்பும். காலையில் ஆங்கில வகுப்பு, மதியம் விளையாட்டு, இரவில் பாட்டும் பேச்சும், பிறகு சிறு குழுக்களாக விவாதம். வருபவர்கள் பெரும்பாலும் பதின்வயதினர். மொழியை விளையாட்டோடும் படத்தோடும் கற்றுத்தர வேண்டும் என்று 1658லேயே படப் பாடநூல் வெளியிட்டுக் காட்டிய கொமேனியஸ் அந்த மண்ணில் பிறந்தவர், ஒரு புராட்டஸ்டண்ட் பிஷப். அவர் பிறந்த மார்ச் 28தான் அங்கே ஆசிரியர் தினம். ஆகவே பாதிரிமார் பாடம் நடத்துவது செக் நாட்டுக்குப் புதிதல்ல.

புதிது வேறு ஒன்று. கடல் தாண்டி வரும் இந்தக் குழுக்களில் அப்பாவும் மகளும், அம்மாவும் மகனும் சேர்ந்து வருவது உண்டு. பிள்ளையை முகாமில் விட்டுவிட்டுத் திரும்பும் பெற்றோர் அல்ல இவர்கள். பிள்ளையோடு சேர்ந்து வேலை செய்ய வந்தவர்கள். பயணச் செலவுக்கு இருவரும் சேர்ந்து உறவினருக்கும் சபையாருக்கும் கடிதம் எழுதிப் பணம் திரட்டியிருப்பார்கள். பல வாரங்கள் ஒன்றாகப் பயிற்சிக்குப் போயிருப்பார்கள். முகாமுக்கு வந்ததும் இருவரும் வெறும் ஊழியர்கள்.

இதன் அர்த்தம் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். வீட்டில் எல்லா முடிவும் அப்பாவுடையது. முகாமில் யார் எப்போது எழுந்திருப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று சொல்பவர் செக் திருச்சபையின் இளைஞர் பொறுப்பாளர். அவருக்கு அப்பாவின் வயதில் பாதிகூட இருக்காது. அப்பாவுக்கு செக் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. மகளுக்கும் தெரியாது, ஆனால் அவள் மூன்றாம் நாளே தோழிகளிடம் நாலு வார்த்தை பொறுக்கிக்கொண்டு விடுவாள். அப்பா மேடையேறினால் மொழிபெயர்ப்பாளர் துணை வேண்டும். மேடைப் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்த்தவர்களுக்குத் தெரியும்: பேச்சாளர் சொன்ன ஜோக் இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். சிரிப்பு வராத அந்த இரண்டு நொடியில் அப்பா தவிப்பதை மகள் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்னொரு சங்கதி. தமிழில் நீ, நீங்கள் இருப்பது போல செக் மொழியில் டி, வி. முகாமில் பெரும்பாலும் எல்லோருக்கும் 'டி'தான், பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'யூ' என்ற ஒரே சொல்லில் உலகத்தையே அடக்கும் அமெரிக்கருக்கு இதெல்லாம் உறைக்காது. ஆனால் தன்னை அதிகாரி என்று யாரும் கருதவில்லை என்பது மட்டும் அப்பாவுக்குப் புரிந்துவிடும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அப்பாவை, இளையவர் ஒருவர் சொன்னபடி செய்யும் அப்பாவை, பல பிள்ளைகள் வீட்டில் பார்த்ததே கிடையாது.

இது வெறும் உணர்ச்சிக் கதையா? அமெரிக்க சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் தந்த ஒரு சான்று இருக்கிறது. 1970ல் தெற்கு கலிபோர்னியாவில் தொடங்கிய ஆய்வு அவருடையது. 350க்கும் மேற்பட்ட குடும்பங்கள், நான்கு தலைமுறை, சுமார் 3,500 பேர். பெற்றோரின் மத நம்பிக்கை பிள்ளைகளுக்கு எப்படிக் கைமாறுகிறது, எப்போது கைநழுவுகிறது என்பது கேள்வி. 2013ல் புத்தகமாக வந்த முடிவுகளில் முக்கியமானது இது: பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருந்தார்கள் என்பது மட்டும் போதவில்லை. பெற்றோரிடம் தனக்கு நெருக்கம் இருந்தது என்று பிள்ளை உணர்ந்ததா என்பது பெரிய அளவில் தீர்மானித்தது. அதிலும் அப்பாவின் நெருக்கத்துக்குத் தனி எடை இருந்தது. பக்தியில் குறைவில்லாத, ஆனால் விலகியே நின்ற தகப்பன்மார்களின் பிள்ளைகள் கைநழுவிப் போவது அதிகம்.

ஆக, பத்து நாள் ஒன்றாக வேர்வை சிந்துவதால் அப்பாவுக்கும் மகளுக்கும் லாபம். சரி, முகாமுக்கு என்ன லாபம்? தர்மசங்கடமான கேள்வி. அமெரிக்கத் திருச்சபை உறுப்பினர்களில் ஆண்டுக்கு 16 லட்சம் பேர் இப்படிக் குறுகிய கால ஊழியத்துக்கு வெளிநாடு போகிறார்கள் என்று 2005ல் எடுத்த சர்வேயை வைத்து சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ கணக்கிட்டார். இவ்வளவு பேர் விமானம் ஏறினால் அது ஊழியமா, உல்லாசப் பயணமா என்று கேட்பவர்கள் திருச்சபைக்கு உள்ளேயே இருக்கிறார்கள்.

கேட்டவர்களில் ஒருவர் ஹோண்டுராஸில் பல ஆண்டுகள் வாழ்ந்த கிறிஸ்தவப் பேராசிரியர் குர்ட் வெர் பீக். 1998ல் மிட்ச் புயல் அந்த நாட்டைப் புரட்டிப் போட்ட பிறகு, வட அமெரிக்கக் குழுக்கள் வந்து வீடு கட்டிக் கொடுத்தன. உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டைச் சுமார் 2,000 டாலரில் கட்டிவிடும். வெளிநாட்டுக் குழு வந்து கட்டினால் விமானக் கட்டணம் உட்படச் சராசரியாக 30,000 டாலர் ஆயிற்று. யார் கட்டினாலும் குடியிருந்தவர்களின் வாழ்க்கையில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2006ல் வெளியான அவரது ஆய்வு சொன்னது. போய் வந்தவர்களோ, 'எங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது' என்றார்கள். அவர்கள் கொடுத்த நன்கொடைக் கணக்கைப் பார்த்தபோது அந்த மாற்றம் பெரிதாகத் தென்படவில்லை.

ஒரு வீட்டின் செலவுக்குள் பதினைந்து வீடுகள் அடங்கும் என்றால், அந்தப் பதினான்கு குடும்பங்களிடம் 'எங்கள் அப்பா-மகள் உறவு பலப்பட்டது' என்று சமாதானம் சொல்ல முடியுமா? முடியாது. அதனால்தான் எந்த வேலைக்குப் போகிறோம் என்பது முக்கியம். செங்கல் தூக்க ஹோண்டுராஸில் ஆள் பஞ்சமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசி, கூச்சப்படும் பதினாறு வயதுப் பையனோடு உட்கார்ந்து பொறுமையாக அரட்டை அடிக்க, மொராவியக் கிராமம் ஒன்றில் ஆள் கிடைப்பது கஷ்டம். அங்கே உள்ளூர்ச் சபை கேட்கிறது, வெளிநாட்டுக் குழு வருகிறது. அது போன பிறகு வருஷம் முழுக்க அந்தப் பையனைச் சந்திக்கப் போவது உள்ளூர்ச் சபைதான். இந்த வரிசை மாறினால் முகாம் வேடிக்கையாகிவிடும்.

நேர்மை குறித்த கேள்வியும் உண்டு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செக் மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 'மத நம்பிக்கை இல்லை' என்று எழுதினார்கள். சுமார் 30 சதவீதத்தினர் அந்தக் கேள்விக்குப் பதிலே எழுதவில்லை. இப்படிப்பட்ட நாட்டில் ஆங்கிலம் என்று கூப்பிட்டு சுவிசேஷம் சொல்வது தூண்டில் போடுவது ஆகாதா? முகாமை நடத்துவது திருச்சபை, இரவில் பைபிள் பேச்சு உண்டு என்று முதல் நோட்டீஸிலேயே பெற்றோருக்குத் தெரியும்படி அச்சிட்டால் ஆகாது. அச்சிடாவிட்டால் ஆகும். சொந்த மகளை அருகில் வைத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டுப் பெண்ணிடம் பேசும் அப்பாவுக்கு இந்த வித்தியாசம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிய வேண்டும். தன் மகளிடம் யாராவது இப்படி மறைத்துப் பேசினால் அவர் சும்மா இருப்பாரா?

முகாம்களைப் பற்றிப் பேசும்போது விட்டுவிட முடியாத இன்னொரு விஷயம் பாதுகாப்பு. 2024 நவம்பர் 12 அன்று காண்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். காரணம், ஒரு கிறிஸ்தவ இளைஞர் முகாமில் தொடங்கிய கதை. ஜான் ஸ்மைத் லண்டனில் பிரபல வழக்கறிஞர். இங்கிலாந்தின் உயர்தரப் பள்ளி மாணவர்களுக்கான ஐவர்ன் முகாம்களில் செல்வாக்கானவர். 1970களின் பிற்பகுதியிலும் 80களின் தொடக்கத்திலும் அங்கே பழகிய பையன்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ரத்தம் வரும்வரை பிரம்பால் அடித்தார். 'பாவத்தைப் போக்கும் தண்டனை' என்று சொல்லி அடித்தார். 1982ல் உள்ளுக்குள் ஒரு விசாரணை நடந்தது. அறிக்கை வெளியே வரவில்லை. 1984ல் ஸ்மைத் ஜிம்பாப்வே போனார். அங்கேயும் முகாம்கள் நடத்தினார். 1992ல் அவருடைய முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடந்தான். வழக்கு தண்டனையில் முடியவில்லை. 2018ல் தென்னாப்பிரிக்காவில் இறக்கும்வரை ஸ்மைத் எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறவில்லை. இரண்டு கண்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாக 2024ல் வெளியான மேக்கின் அறிக்கை சொல்கிறது. 2013ல் தகவல் தெரிந்தும் பேராயர் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு.

இந்தக் கதையில் 'அயல்நாடு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சொந்த நாட்டில் கேள்வி எழுந்தபோது அயல்நாட்டு ஊழியம் புகலிடமாகிவிட்டது. நல்ல பெயரோடு வெளிநாட்டிலிருந்து வருபவரை உள்ளூரில் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். பெற்றோரோ வெகு தொலைவில், நம்பிக்கையோடு வீட்டில் இருப்பார்கள்.

அப்படியானால் அப்பா கூடவே இருந்தால் ஆபத்தில்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒருவர் யாருக்கோ அப்பா என்பது மற்ற பிள்ளைகளுக்கு உத்தரவாதம் அல்ல. அவருடைய பின்னணியையும் விசாரித்தே சேர்க்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளை புகார் சொல்ல முகாமுக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும். புகார் வந்தால் முதலில் போக வேண்டிய இடம் போலீஸ்; சபைக் கமிட்டி பிறகு. பக்கத்தில் இருக்கும் பெற்றோரால் ஒன்று நடக்கும்: இந்த விதிகள் காகிதத்தில் மட்டும் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்கலாம். 'இந்த அறைக் கதவு ஏன் சாத்தியிருக்கிறது?' என்று கேட்கலாம். ஸ்மைத்தின் முகாம்களில் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை நகராமல் நிற்க ஆள் இருந்திருந்தால் பல பையன்கள் தப்பியிருப்பார்கள்.

இந்தியத் திருச்சபைகளுக்கும் இது தூரத்து விவகாரம் இல்லை. கோடை விடுமுறையில் நடக்கும் வேதாகமப் பள்ளிகளில் அம்மா பாட்டு சொல்லித்தர, மகள் கைவேலை சொல்லித்தருவது நமக்குப் பழக்கமான காட்சி. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய இந்தியக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்பட்டால் அதிசயமில்லை. புறப்படும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். நம்மைக் கூப்பிட்டது யார்? நாம் செய்யப்போகும் வேலையைச் செய்ய அங்கே ஆள் இல்லையா? அங்கே ஒரு குழந்தை அழுதால் அதை யார் கேட்பார்கள்?

மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால் தயங்காமல் போகலாம். போகும்போது ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டு போவது நல்லது. பத்து நாளில் அந்த நாட்டுக்கு நாம் கொடுக்கப்போவது கொஞ்சம். அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப் போவது அதிகம். வெர் பீக்கின் ஆய்வு சொல்வது போல, கொண்டுவந்ததும் சீக்கிரம் கரைந்துவிடும். ஊர் திரும்பிய பின் அடுத்த மாதமும் அப்பாவும் மகளும் சேர்ந்து பாத்திரம் கழுவினால் கரையாது.