நாற்பது பக்க நோட்டு

எங்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு வருடம் ஓர் அக்கா வந்தார். அன்னவாசல் பக்கத்திலிருந்து காலை பஸ் பிடித்து புதுக்கோட்டைக்கு வருவார். என் மகன் சோறு தின்னப் பழகியதே அவர் கையில்தான்.

ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "சார், மகளை நர்ஸிங் சேர்க்கணும். பேங்க்ல லோன் கேட்டேன். சம்பளச் சீட்டு கொண்டாங்கன்னு சொல்றாங்க. ரெண்டு வரி எழுதித் தர்றீங்களா?"

நான் பி.காம். படித்தவன். மார்ச் மாதம் வந்தால் வரிக் கணக்கு கேட்டு ஆபீஸ் அக்கவுன்டன்ட் உயிரை எடுப்பவன். அன்றைக்கு நான் சொன்ன பதில்: "எழுதிக் கொடுத்தா நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்துரும்க்கா."

என்ன வில்லங்கம்? மாதம் 10,000 என்றால் வருடத்துக்கு 1,20,000. வருமான வரியின் வாசற்படியைக்கூடத் தொடாத தொகை. பி.எஃப். பிடிக்க 20 பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். நம் வீடு எந்தக் கணக்கிலும் வராது. பைசா செலவில்லை. பிறகு எதற்குப் பயந்தேன்? எழுதிக் கொடுத்தால் நான் முதலாளி ஆகிவிடுவேனே, அதற்கு!

மூன்று நாள் கழித்து மனசு உறுத்தி, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். "ஆறு வருஷச் சம்பளத்துக்கு நேத்து எழுதின பேப்பரா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா வட்டிக்கு வாங்கித்தான் மகளைச் சேர்த்தார்.

"அவங்களை வீட்டு மனுஷி மாதிரி வெச்சிருக்கோம்" என்று சொல்லாத வீடு உண்டா? காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் எந்த வீட்டு மனுஷிக்கு சார் சம்பளம் பிடிக்கிறோம்?

1993-ல் அமெரிக்காவில் ஸோயி பெயர்டு என்ற பெண் வழக்கறிஞரை அட்டர்னி ஜெனரல் பதவிக்கு கிளின்டன் தேர்ந்தெடுத்தார். உரிய அனுமதி இல்லாத வெளிநாட்டுத் தம்பதியை வீட்டு வேலைக்கு வைத்ததும், அவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்டாததும் வெளியே வர, பதவிக்கு வரும் முன்பே விலகினார். அந்தக் கேள்வியை இங்கே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இங்கே எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007-ல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைத்தது. பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அக்காவிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. 2011-ல் ஜெனிவாவில் வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கைக்கு ஓட்டுப் போட்ட இந்தியா, அதை இன்னும் முறைப்படி ஏற்கவில்லை. தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு போடும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நமக்கென்ன கேடு? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, சம்பளம், லீவு, அட்வான்ஸ் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சம்பளத்தை அவர் பேங்க் கணக்கில் போடுங்கள். வாரம் ஒருநாள் லீவு, சம்பளத்தோடு. தீபாவளிக்குப் புடவையோடு ஒரு மாதச் சம்பளம். அரை நாள் ஒதுக்கி நல வாரியத்தில் பதிவு செய்ய உதவுங்கள். "அவங்க கேக்கவே இல்லையே" என்காதீர்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர் எப்படிக் கேட்பார்?

1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொண்ட புதுக்கோட்டைப் பெண்களை ஊரே பேசியது. அந்த அக்காவின் அம்மாவும் அங்கேதான் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தவர். அவருடைய மகளுக்கு, ஆறு வருடத்தில் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட ஒரு பக்கம்கூட நான் தரவில்லை.