வலி இல்லாத கட்டி, வெளியே சொல்ல முடியாத வெட்கம்: விதைப்பைப் புற்றுநோயில் எபிஜெனெடிக்ஸ் சொல்வது என்ன?

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் போனாலும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் இளைஞர் கூட்டம்தான். புற்றுநோய் என்றால் வயதானவர்களுக்கு வருவது என்பது அவர்களின் நினைப்பு. ஆனால், விதைப்பைப் புற்றுநோய் அதிகம் தாக்குவது 15 முதல் 40 வயது வரையிலான ஆண்களை.

இந்தியாவில் இது அரிது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. அரிது என்பதால் யாரும் பேசுவதில்லை. வீக்கம் தெரிந்தால், "ஓதமா இருக்கும், வலிக்கலையே" என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரைத் தேடுகிறார்கள். "நாம ஏதோ தப்பு பண்ணிட்டோம்" என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. அந்த உணர்வுக்கு அறிவியலில் இடமே இல்லை.

டேக் மாறிய கதை

ஒரு தொழிற்சாலையில் எல்லா மெஷினுக்கும் ஒரே டிராயிங் புத்தகத்தைக் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கத்தை ஓட்டலாம், எதை ஓட்டக்கூடாது என்பதை அதில் ஒட்டியுள்ள 'ஹோல்டு' டேக்தான் முடிவுசெய்யும். நம் செல்களிலும் டிஎன்ஏ என்ற டிராயிங் ஒன்றுதான். மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி ஒட்டிய மரபணு பெரும்பாலும் வேலை செய்யாமல் நிற்கும். எழுத்தை மாற்றாமல் குறிகளை மட்டும் மாற்றும் இந்த ஏற்பாட்டைப் பற்றிய படிப்புதான் எபிஜெனெடிக்ஸ்.

கரு உருவான சில வாரங்களில், பின்னாளில் விந்தணுவாக வேண்டிய முதல் செல்கள் விதை உருவாகும் இடத்தை நோக்கி நகர்கின்றன. அந்தக் கட்டத்தில் அவற்றின் பழைய குறிகள் கிட்டத்தட்ட முழுவதுமாகத் துடைக்கப்பட்டு, பிறகு புதிதாகப் போடப்படுகின்றன. சில செல்கள் வளராமல், துடைக்கப்பட்ட நிலையிலேயே தங்கிவிட்டால் பல வருடம் தூங்கிக் கிடக்கும். பருவ வயதுக்குப் பிறகு அவை புற்றாக மாறலாம். 'செமினோமா' என்ற வகையில் டிஎன்ஏ மீது மெத்தில் குறிகள் மிகக் குறைவாக இருப்பது இதற்கு முக்கியமான சான்று.

ஆக, பைக் ஓட்டியதோ, இறுக்கமான ஜீன்ஸோ, சுயஇன்பமோ காரணம் இல்லை. அண்ணன், தம்பி, அப்பாவுக்கு இந்த நோய் வந்திருந்தால் ஆபத்து கூடும். அதுவும் யாருடைய தவறும் அல்ல.

யுவராஜ் சிங் சொல்லும் பாடம்

2011 மார்ச் 20 அன்று சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக யுவராஜ் சிங் வாந்தி எடுத்தபடியே 113 ரன் அடித்தார். பிறகு தெரிந்தது, அவர் நெஞ்சில் நுரையீரல்களுக்கு நடுவே செமினோமா. விதைப்பையில் வரும் அதே வகைக் கட்டி நெஞ்சில் எப்படி வந்தது? கருவில் பயணப்பட்ட செல்களில் சில வழியிலேயே தங்கிவிடுவதால் இப்படி நேரலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

அவருக்கு 2012-ல் அமெரிக்காவில் சிகிச்சை தந்தவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன். 1974-ல் சிஸ்பிளாட்டின் மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, பரவிய விதைப்பைப் புற்றையும் குணப்படுத்தலாம் என்று காட்டியவர் அவர். இன்று ஆரம்பத்தில் பிடித்தால் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். மருந்துக்கு மசியாத கட்டிகளில் மெத்தில் குறிகள் அதிகம் என்பதால், அவற்றை நீக்கும் மருந்துகள் சோதனையில் உள்ளன.

நம் கையில் இருப்பது

கருவில் நடந்ததை மாற்ற முடியாது. ஆனால், இரண்டு இடங்களில் முந்திக்கொள்ளலாம்.

முதலாவது, கைக்குழந்தைப் பருவம். விதை கீழே இறங்காமல் இருப்பது இந்நோய்க்கான முக்கிய ஆபத்துக் காரணி. ஆறு மாதத்துக்குள் இறங்கவில்லை என்றால் காத்திருக்காமல், ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சையை முடிப்பது நல்லது. 2007-ல் வெளியான சுவீடன் ஆய்வில், 13 வயதுக்கு முன் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கு, அதற்குப் பின் செய்தவர்களுக்கு ஐந்து மடங்கு. ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைப் பார்த்துவிட ஒரு நிமிடம் போதும்.

இரண்டாவது, தொழிற்சாலை. தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வருபவர்கள், "விதையில கட்டியோ கனமோ தெரிஞ்சா உடனே காட்டுங்க தம்பி" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும். இஎஸ்ஐ கார்டு உள்ளவர்களுக்குச் சிகிச்சைச் செலவும் பயமுறுத்தாது.

ஒரு விதையை எடுத்துவிட்டாலும் இன்னொன்று நன்றாக இருந்தால் தாம்பத்தியமும் குழந்தைப்பேறும் பெரும்பாலும் பாதிக்காது. கீமோதெரபிக்கு முன் விந்தணுவைச் சேமித்துவைக்கவும் வழி உண்டு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வயதில் இருப்பவரிடம் டாக்டர் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். அந்தப் பயம்தான் பலரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவைக்கிறது.