அந்தச் "சகோதரி" யார்?

அமெரிக்காவில் பென் பாரஸ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். மூளையைப் பற்றி ஆராய்ந்தவர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்.

ஒருநாள் அவர் தம் ஆராய்ச்சி பற்றிப் பேசினார். கேட்டவர்களில் ஒருவர் பாராட்டினார். இவருடைய சகோதரியின் ஆராய்ச்சியைவிட இது எவ்வளவோ மேல் என்றார்!

அந்தச் "சகோதரி" யார் தெரியுமா? பென் பாரஸேதான்!

அவர் ஒரு திருநம்பி. அதாவது, பிறந்தபோது பெண் என்று கருதப்பட்டு, ஆணாக வாழ்பவர். 1997-ல், 40 வயதைத் தாண்டியபின், ஆணாக வாழத் தொடங்கினார். பழைய பெயரில் வெளிவந்த ஆராய்ச்சியைச் சகோதரி செய்தது என்று நினைத்துவிட்டார் அந்த மனிதர்.

ஆள் அதே ஆள். மூளை அதே மூளை. ஆண் பெயர் வந்ததும் மதிப்பு ஏறிவிட்டது!

கணக்குப் போட்டது யார்?

படிக்கும் காலத்திலும் இதே கதைதான். எம்.ஐ.டி.யில் ஒரு கடினமான கணக்கு. வகுப்பில் பெரும்பாலோர் ஆண்கள். விடை கண்டவர் பாரஸ் ஒருவரே. காதலன் போட்டுக் கொடுத்திருப்பான் என்றார் பேராசிரியர்!

ஆணான பிறகு கிடைத்த மரியாதையை அனுபவித்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. விஞ்ஞானத்தில் பெண்கள் குறைவாக இருப்பதற்குப் பிறவித் திறமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2005-ல் ஹார்வர்டு தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் பேசினார். மறு ஆண்டே 'நேச்சர்' இதழில் பாரஸ் பதில் எழுதினார். குறை பெண்ணின் மூளையில் இல்லை, பிறருடைய மனத்தில் இருக்கிறது என்றார். 2017-ல் மறையும்வரை இதற்காக வாதாடினார்.

சுமை யாருக்கு?

பாரஸ் பெரிய பேராசிரியர். துணிந்து பேசினார். எல்லாத் திருநம்பிகளுக்கும் அது எளிதா?

ஆண்கள் நாலு பேர் கூடுகிறார்கள். "பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்கிறார் ஒருவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். நடுவே ஒரு திருநம்பி. அவரும் சிரித்தால், தாம் பட்ட அவமானத்தைத் தாமே கேலி செய்ததாகும். எதிர்த்தால், "நீ ஆம்பளைதானா?" என்ற கேள்வி வரும். அவர் ரகசியமும் வெளியே வரலாம். வேலை போகலாம். வீடு போகலாம்.

ஆகவே, கேட்கவேண்டிய கடமை மற்ற ஆண்களுக்கே முதலில் உண்டு. அவர்களுக்கு என்ன நஷ்டம்? சண்டை வேண்டாம். "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டால் போதும்.

அடுத்த முறை அந்தப் பேச்சு வாய்வரை வந்து நின்றுவிடும்!