ஸ்பீக்கருக்கும் ஒரு சட்டை!

எதையாவது வாங்கினால் உடனே அதற்கு ஒரு துணி போர்த்தி விடுவது நம் குடும்ப வழக்கம். டி.வி.க்கு உறை, மிக்ஸிக்குப் பாவாடை, ஃபிரிட்ஜின் தலைக்குப் பூப்போட்ட விரிப்பு! அந்தச் சிரமமே வேண்டாமென்று கம்பெனிக்காரனே துணி மாட்டி அனுப்புகிற பொருள் ஒன்று உண்டென்றால், அது ஸ்பீக்கர்.

ஆனால், மனுஷன் சட்டை கிழிவது மாதிரி அதுவும் ஒரு நாள் கிழியும். பூனை பிறாண்டும். எலி கடிக்கும். 'உள்ளே யார் பாடுறாங்க?' என்று குழந்தை விரலை விட்டுப் பார்க்கும். கம்பம் பள்ளத்தாக்கு என்றால் இன்னொன்றும் சேர்த்துக் கொள்ளுங்கள். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாறு புண்ணியத்தில் இருபோக நெல். அறுப்பு சமயத்தில் பறக்கிற தூசி, கறுப்புத் துணியைச் சாம்பல் நிறமாக்காமல் விடாது.

சின்னமனூர் பக்கம் மார்க்கையன்கோட்டையில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா 1988-ல் ஒரு போக நெல் விற்ற காசில் வாங்கிய ஸ்டீரியோ, இரண்டு பெட்டியோடு இன்னமும் பாடுகிறது. துணி மட்டும் நார் நாராகி விட்டது. நண்பர் ஆபீஸில் ஃபைலுக்கு அட்டை போட்டுப் பழகின கை. வீட்டில் மிச்சமிருந்த ஜன்னல் திரைத் துணியை வெட்டி, பசை தடவி, பூவெல்லாம் நேராக வருகிற மாதிரி ஒட்டி விட்டார். பார்க்க ஜோர்!

அன்றிலிருந்து பெரியவருக்கு ஒரே குறை. "ஏப்பா, பாட்டு கேக்குது... வார்த்தை வெளங்கலையே!"

"வயசாகுதுல்லப்பா" என்றார் மகன்.

"தேனிக்குப் போயி ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துருங்க மாமா" என்றார் மருமகள்.

பெரியவர் வால்யூமைக் கூட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் கேட்டது. வார்த்தை மட்டும் விளங்கவில்லை. கொஞ்ச நாளில் பாட்டுப் போடுவதையே விட்டு விட்டார். சாயங்காலமானால் திண்ணையில் போய்ச் சும்மா உட்கார்ந்து விடுவது என்று ஆகிவிட்டது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போன மாதம் போயிருந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருக்கையிலேயே, "அந்தத் துணியைக் கழற்றுமய்யா" என்றேன். கழற்றினார். திண்ணையிலிருந்து குரல் வந்தது: "இப்பச் சொல்றான் பாரு, வார்த்தை!"

விஷயம் இதுதான். நூறு ஹெர்ட்ஸ் 'டும் டும்' இருக்கிறதே, அதன் ஒரு அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர். திரையாவது, போர்வையாவது... தாண்டி வந்துவிடும். பத்தாயிரம் ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலை நீளம் 3.4 சென்டிமீட்டர்தான். நெருக்கி நெய்த கெட்டித் துணி அதை விழுங்கி விடும். ச, ட, த என்று வார்த்தைக்கு உருவம் கொடுக்கிற எழுத்துகள் பெரும்பாலும் இந்த மேல் ஒலிகளில்தான் இருக்கின்றன. வயதானால் காது முதலில் கோட்டை விடுவதும் இதே மேல் ஒலிகளைத்தான். ஆக, வயசு பாதியை எடுத்துக் கொண்டது. மீதியை ஜன்னல் திரை எடுத்துக் கொண்டது!

அதிலும் அதே உத்தமபாளையம் தாலுகாவில்தான் பண்ணைப்புரம். 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி இளையராஜா பார்த்துப் பார்த்துச் சேர்த்த புல்லாங்குழலையும் வயலினையும் திரை போட்டு மறைக்கலாமா? பக்கத்து ஊர்க்காரருக்குச் செய்கிற மரியாதையா இது?

சரி, என்ன துணி போடுவது? ஸ்பீக்கர் பெட்டி சாமான் விற்கிற கடைகளில் அதற்கென்றே மெல்லிய பாலியெஸ்டர் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. கடையில் ஒரு பரீட்சை வையுங்கள். துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தடையில்லாமல் பட்டால் பாஸ். வெல்வெட், ரெக்ஸின், சோபாத் துணி எல்லாம் ஃபெயில். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். முன்பக்கச் சட்டம் பெரும்பாலும் மூலைகளில் உள்ள முளைகளில்தான் மாட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீர்கள், காலாவதியான ஏ.டி.எம். கார்டை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். உள்ளே குட்டிக் கிண்ணம் மாதிரி இருப்பது ட்வீட்டர். அதை மட்டும் தொடவே கூடாது!

பழைய துணியைப் பிய்த்து, காய்ந்த பசையைச் சுரண்டி விடுங்கள். புதுத் துணியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் சட்டத்தை வையுங்கள். சுற்றிலும் 3 சென்டிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டுங்கள். ரப்பர் பசையைச் சட்டத்தின் பின்பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவவும். முதலில் நாலு பக்கமும் நடுவில் ஒட்டி, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மூலையை நோக்கி வாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மூலையில் மடிப்பு புடைத்தால் சின்னதாக ஒரு வெட்டு. பசை ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

கழற்றியிருக்கும்போதே கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தையும் பார்த்து விடுங்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் அது ஃபோமால் ஆனது. வருஷக் கணக்கில் ஈரக் காற்று பட்டுப் பொடிப் பொடியாக உதிரும். அதற்கு மெக்கானிக்தான் வேண்டும். அது நன்றாக இருந்தால், கிழிந்தது சட்டை மட்டும்தான்; அதற்காகப் பாடகரையே பழைய இரும்புக் கடைக்குத் தூக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பெரியவரும் 'வார்த்தை வெளங்கல' என்றால் காது டாக்டரிடம் அவசியம் கூட்டிப் போங்கள். போவதற்கு முன் அந்தத் துணிச் சட்டத்தைக் கழற்றி ஒரு தடவை ஊதிப் பாருங்கள். இதற்கு ஃபீஸ் கிடையாது!