சேர்வரைக் கழற்றுங்கோ, ஆனால் எங்களைக் கேட்டுப்போட்டு

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எல்லாரும் வீட்டுக்குப் போக பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, எங்கட கம்பஸ் மின்னஞ்சலுக்கு ஒரு அறிவித்தல் வந்தது. ஆங்கிலத்தில் ஆறு வரி. பழைய சேர்வர்கள் சேவையிலிருந்து நீக்கப்படுகின்றன. மின்னஞ்சல், கோப்புகள், கற்றல் தளம் எல்லாம் புதிய கிளவுட் சேவைக்கு மாறுகின்றன. தேவையானதை 14 நாளுக்குள் எடுத்துக்கொள்ளவும். அதன் பிறகு இல்லாமல் போவதற்குப் பாவனையாளரே பொறுப்பு. அவ்வளவுதான். யாரைக் கேட்பது என்று ஒரு பெயர் இல்லை, ஒரு இலக்கம் இல்லை.

தமிழில் அது வந்தது ஐந்து நாள் கழித்து. அதாவது தமிழில் வாசிக்கிறவைக்கு ஒன்பது நாள். அதிலும் 'பாவனையாளர்கள் புதிய சேவைக்குப் புலம்பெயர்க்கப்படுவார்கள்' என்று போட்டிருந்தார்கள். எங்கட சனத்தை இன்னொருக்கா புலம்பெயர்க்கப் போகினமாம் என்று கன்ரீனில் இருந்து சிரிச்சம். சிரிப்பு கனநேரம் நிக்கேல்லை.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பழைய சேர்வரைக் கழற்றுவதற்கு நாங்கள் எதிர் இல்லை. இதை எழுதுகிற நாலு பேரும் கலைப்பீடம்தான், வயர் எங்க போகுது என்று தெரியாதுதான். ஆனாலும் கரண்ட் போய் வந்தால் அரைநாள் எழும்பாத மெசின் எது என்று எங்களுக்கும் தெரியும். 2022இல் நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் அந்த அறையின் பற்றரிகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அதில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30ஓட நின்றுவிட்டன. பூட்டு உடைந்த கதவை 'பழகின கதவு' என்று சொல்லி வைத்திருக்க ஏலாது.

வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. கவ் டொட் எல்கே என்று முடிகிற ஏறக்குறைய 5000 மின்னஞ்சல் கணக்குகள் அதில் அகப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகள் உட்பட. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அந்த வருஷம் ஏப்ரலோடேயே அதற்கான ஆதரவு முடிந்திருந்தது. புதுப்பிக்கக் காசில்லை என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. சரி, சிஸ்டத்தைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் வரவில்லை. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டுவிட்டது. வேறாகக் கழற்றி வைத்த பேக்கப் அந்த மூன்று மாதத்துக்கும் இருக்கவில்லை. ஒரு நாட்டின் அரசாங்கம் தன்ர கடிதங்களை இப்படித் துலைச்சது. ஆகவே 'பழசே போதும், ஏன் மாத்துறியள்' என்று எங்கட வகுப்பு வட்ஸ்அப் குழுவில் எழுதுகிற நண்பர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

எங்கட சண்டை வேறு. மாற்றுவதை ஒரு மெசின் வேலையாக மட்டும் பார்க்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது, அது யாருடையது, எதை வைத்திருக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும், இதையெல்லாம் யாரிடமும் கேட்கவில்லை. ஐடி யூனிட்டும் கேள்விப்பத்திரம் எடுத்த கொம்பனியும் இருந்து தீர்மானித்துவிட்டு, எங்களுக்கு ஆறு வரி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? எங்கட சீனியர்மாரின் ஆய்வேடுகள் இருக்கின்றன. அச்சுப்பிரதி நூலகத்தில் ஒன்று இருக்கும், உண்மை. ஆனால் அந்த ஆய்வேட்டுக்காக எடுத்த ஒலிப்பதிவுகள் நூலகத்தில் இல்லை, சேர்வரில்தான் இருக்கின்றன. காத்தான் கூத்து ஆடின ஒரு ஐயாவின் குரல் இருக்கிறது. அவர் இப்ப இல்லை. வன்னியில் ஒரு கிராமத்தில் குளத்துக்குத் தண்ணி பங்கிட்ட கதையை ஒரு அம்மா ஒன்றரை மணித்தியாலம் சொன்னது இருக்கிறது. இதையெல்லாம் பதிந்த அக்காமார் அண்ணாமார் பட்டம் எடுத்துப் போய்விட்டார்கள். அவர்களுடைய கணக்குகள் எப்பவோ மூடியாச்சு. 14 நாளுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற மின்னஞ்சல், மூடின கணக்குக்கு எப்படிப் போகும்?

அழிந்துபோவது ஒரு பயம் என்றால், அழியாமல் போவது இன்னொரு பயம். இதைத்தான் எங்கட ஆட்களே விளங்கிக்கொள்கிறார்கள் இல்லை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியில் இருக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மாணவர்கள் அந்தத் தாய்மாரிடம் போய்ப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். எங்களில் ஒருத்தியும் போனாள். போகும்போது ஒரு சம்மதப் படிவம் கொண்டுபோனாள். அதில் ஒரு வரி: 'இந்தப் பதிவு பல்கலைக்கழகக் கணினியில் பாதுகாப்பாக வைக்கப்படும்.' அந்த அம்மா வாசிக்கவில்லை, இவளை வாசித்துக் காட்டச் சொன்னா. வாசித்த பிறகு கேட்டா, 'கம்பஸுக்கு வெளியில போகாதுதானே பிள்ளை?' இவள் 'போகாது அம்மா' என்றாள். வீட்டு வாசலில் வந்து பெயர், அடையாள அட்டை இலக்கம் கேட்டுப்போட்டுப் போறவையைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய தேவை இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

இப்ப அந்தக் கோப்பு எங்கே போகப் போகிறது? எந்த நாட்டில் இருக்கும் சேர்வரில்? யாருக்கெல்லாம் திறக்க ஏலும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, எல்லை தாண்டிப் போகும் தரவைப் பற்றி அதில் தனிப் பிரிவே இருக்கிறது. அதை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்டோம். 'அது லீகல் ஆக்களின்ர வேலை' என்று பதில் வந்தது.

அதைவிடச் சின்னதாகத் தெரிகிற இன்னொரு கேள்வி. கழற்றுகிற ஹார்ட் டிஸ்குகளுக்கு என்ன நடக்கும்? அரச நிறுவனங்களில் வருஷா வருஷம் போர்ட் ஒஃப் சேவே நடக்கும், பாவிக்க ஏலாத சாமான்களை எண்ணி ஒதுக்கி ஏலத்தில் விடுவார்கள். உடைந்த கதிரை, பழைய ஃபேன், பழைய கணினி எல்லாம் ஒரே குவியல். ஒரு கோப்பை டிலீட் பண்ணினால் அது டிஸ்கிலிருந்து போய்விடாது, மேலெழுதும்வரை அங்கேதான் கிடக்கும், இலவச மென்பொருளாலேயே திரும்ப எடுக்கலாம். அந்தத் தாயின் குரல் பழைய இரும்புக் கடையில் போய் நிற்காது என்று யார் எழுதித் தருவார்கள்?

புதிய சேவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கிளவுட்டுக்குப் போனால் பிரச்சினை முடிஞ்சுது, இடம் கணக்கில்லை' என்று எங்களுக்குச் சொன்னார்கள். கூகுளும் ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்களுக்கு அப்படித்தான் எல்லையில்லாத சேமிப்பிடம் என்று கொடுத்தது. 2021இல் அதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. முழு நிறுவனத்துக்கும் சேர்த்து அடிப்படையாக 100 டெராபைட், அவ்வளவுதான். அதன் பிறகு உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் பழைய மாணவர்களின் கணக்குகளை வெட்டத் தொடங்கின. ஓசியில் தந்தவன் ஒருநாள் கணக்குப் பார்ப்பான். இதையும் சொல்லிப்போட்டு மாற்றினால் பரவாயில்லை. சொல்லாமல் மாற்றினால் இன்னும் ஐந்து வருஷத்தில் எங்கட தம்பி தங்கச்சிமாருக்கு இதே ஆறு வரி வரும்.

கொரோனா காலத்தை மறந்துவிடக்கூடாது. 2020இல் வகுப்புகள் எல்லாம் ஒன்லைனில் போனபோது, லேர்ன் வலையமைப்புக்குள் இருந்த பல்கலைக்கழகத் தளங்களுக்கும் அதன் சூம் வகுப்புகளுக்கும் டேட்டா காசு அறவிடாமல் விட்டார்கள். அது நடக்கக்கூடியதாக இருந்தது அவை உள்ளூரில், எங்கட பல்கலைக்கழகங்களின் சொந்த வலையமைப்பில் இருந்தபடியால். கூரையில் ஏறி சிக்னல் பிடித்துப் படித்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. விரிவுரை வீடியோ எல்லாம் வெளியிலுள்ள கொம்பனியிடம் போய்விட்டால், நாளைக்கு இன்னொரு முடக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்? இந்தக் கணக்கை யாரும் போட்டதாகத் தெரியவில்லை. இப்பவே '14 நாளில் டவுன்லோட் பண்ணுங்கோ' என்றால், 20 கிகாபைட் வைத்திருக்கிற ஒருவன் எந்த டேட்டா பக்கேஜில் இறக்குவான்? இறக்கி எங்கே வைப்பான்? சொந்த ஜிமெயிலில் ஓசியாகக் கிடைக்கிறது 15 கிகாபைட்.

ஐடி யூனிட்டில் வேலை செய்கிறவர்களைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. அங்கே இருக்கிறது மூன்று பேர். அதில் ஒருவர் பரீட்சைப் பெறுபேறும் பார்க்க வேணும், மண்டபத்து மைக்கும் பார்க்க வேணும். நாட்டில் இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிற நேரம் நின்று வேலை செய்கிறார்கள், அதற்கு மரியாதை. எங்கட கோபம் மேலே. இது மூதவையில் பேச வேண்டிய விசயம். துறைத்தலைவர்கள் ஒவ்வொருவரும் தங்கட துறைக் கோப்புறையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு விரிவுரையாளரிடம் கேட்டோம், 'சேர், எங்கட துறையின்ர ஒலிப்பதிவுகளை யார் எடுத்து வைக்கிறது?' சேர் கேட்டார், 'அப்பிடி ஒரு ஃபோல்டர் இருக்கோ?'

ஒவ்வொரு வருஷமும் மே 31, ஜூன் 1 வந்தால் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி மேடையில் பேசுகிறோம். ஏறக்குறைய 97,000 நூல்கள் என்று எங்கட ஆட்கள் நித்திரையிலும் சொல்லுவார்கள். 1981இல் நடந்தது வேணுமென்று செய்த குற்றம், இது கவலையீனம். இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் அந்த மேடையில் அழுகிற அதே பெரியவர்கள், தங்கட அறையிலிருந்து இருபது அடி தள்ளி இருக்கிற மெசினில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைக்கிறார்கள். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மூன்று வருஷமாக அந்தச் சேர்வரில் அசைன்மென்ட் போடுகிறோம். ஒருநாளாவது அதற்குள் போய்ப் பார்த்தோமா?

மாணவர் ஒன்றியம் ஊடாக ஒரு கடிதம் கொடுத்தோம். பழைய டிஸ்குகளை ஒரு வருஷமாவது இணைப்பில்லாமல் பூட்டி வைக்கச் சொல்லி, ஒலிப்பதிவுகளைத் துறைவாரியாகப் பட்டியல் போடச் சொல்லி, மனிதர்களின் பேட்டிகள் உள்ள கோப்புகளைப் படிவம் பார்க்காமல் எங்கேயும் அனுப்பவேண்டாம் என்று கேட்டு. பட்டியல் போட ஆள் இல்லை என்றால் நாங்கள் வந்து போடுகிறோம் என்றும் எழுதினோம். பதில் இல்லை. ஆகவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கொம்பனியோடு செய்த ஒப்பந்தத்தின் பிரதி, தரவு எந்த நாட்டில் இருக்கும், டிஸ்குகள் எப்படி அழிக்கப்படும், தீர்மானம் எடுத்த கூட்டத்தின் அறிக்கை. தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல அவர்களுக்குச் சட்டம் கொடுக்கிறது 14 வேலை நாள். எங்களுக்குத் தந்ததைவிடக் கூடத்தான்.

அதுவரைக்கும் சும்மா இருக்க ஏலாது. வெளியில் செருகுகிற ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறவர்கள் வியாழன் பின்னேரம் மூன்று மணிக்குக் கன்ரீனுக்குக் கொண்டுவாருங்கோ. கூத்துப் பதிவுகள், ஆய்வேடுகளில் இருந்து தொடங்குகிறோம். பேட்டிகளில் கை வைக்க மாட்டோம், அவற்றை எடுத்தவர்களையே தேடிக்கொண்டிருக்கிறோம். 2018, 2019 பச்சில் படித்த அக்கா அண்ணாமார் யாராவது இதை வாசித்தால், உங்கட கோப்புறையின் பெயரை மட்டும் எங்களுக்கு அறிவியுங்கோ.