பள்ளியின் கைப்பேசி யார் கையில்?

பழைய பள்ளிக்கு விளம்பரம் தேவையில்லை. அப்பா படித்த பள்ளி, அத்தை படித்த பள்ளி என்ற பேச்சே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். புதிதாகத் திறந்த பள்ளிக்கு அந்தச் சொத்து கிடையாது. திருப்பூர் நகரத்தின் ஓரங்களில், சோளக்காடு மனைப்பிரிவாக மாறிய இடங்களில், தென்மாவட்டக் குடும்பங்களும் பீகார், ஒடிசா குடும்பங்களும் ஒரே காம்பவுண்டு வீடுகளில் வசிக்கின்றன. பனியன் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பும் அவர்களில் பலருக்கு அடுத்த தெருவில் அரசுப் பள்ளி இருப்பதே தெரியாது. தனியார் பள்ளிகளோ மஞ்சள் வேன், பேனர், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் என்று எப்போதோ களமிறங்கிவிட்டன. புதிய அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் வாட்ஸ்அப் குழுவும் முகநூல் பக்கமும் தொடங்குவதில் வியப்பில்லை. தொடங்கத்தான் வேண்டும்.

ஆனால், அந்தக் குழுக்களைத் திறந்து பார்த்தால் காலை வணக்கப் படம், கொடியேற்றம், யாரோ யாருக்கோ சால்வை போர்த்தும் காட்சி. ஷிப்டு முடிந்து வரும் ஒரு தாய்க்கு இதில் என்ன இருக்கிறது? காலை உணவு உண்டா, மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள், சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடப்பில் இருக்கிறது. புலம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு இவற்றை யார் சொன்னார்கள்?

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது. முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ‘சர்டிபிகேட் இல்லையே’ என்று தயங்கி வீட்டில் நிறுத்திவைக்கப்படும் குழந்தைகளுக்கு இது கதவைத் திறக்கும் செய்தி. ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்துவிட்ட ஒடிசாத் தாய் ஒருவர் தம் மொழியில் ஒரு நிமிடக் குரல்பதிவாக இதைச் சொன்னால், ஆண்டு முழுவதும் ஏற்றும் விழாப் படங்களைவிட அது அதிக தூரம் போகும்.

இந்த வேலையை யார் செய்வது? இன்று பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியர் தம் சொந்தக் கைப்பேசியில், இரவு ஒன்பது மணிக்கு மேல் செய்கிறார். எமிஸ் என்ற அரசுக் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதிலேயே நேரம் கரைகிறது என்று குமுறும் ஆசிரியர் மீது இதையும் ஏற்றுவது நியாயமில்லை. அவர் மாறுதலாகிப் போனால் பக்கமும் அப்படியே உறைந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தக் குழு கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தானா? செய்தியை எழுத ஒரு தாய், காணொளியை வெட்டி ஒட்ட தெருவிலுள்ள ஒரு கல்லூரி மாணவர், மொழிபெயர்க்க ஒரு சக தொழிலாளி என்று பிரித்துக்கொள்ளலாம். கிராமங்களில் பீரோவும் மின்விசிறியும் தட்டும் தாம்பாளமுமாகப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோகிறார்களே, அதே உரிமையோடு நேரத்தையும் சீராகத் தரலாம்.

பெற்றோர் தரப்பிலும் பொறுப்பு உண்டு. கட்சிச் செய்தி, வதந்தி, சீட்டு விளம்பரம் எல்லாம் பள்ளிக் குழுவில் வந்து விழுந்தால் முக்கியமான அறிவிப்பு அடியில் போய்விடும். இரவு பதினொரு மணிக்கு வீட்டுப்பாடச் சந்தேகம் கேட்பதும் முறையல்ல.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் ஒரு பெண்ணின் எண் முன்பின் தெரியாத நூறு பேருக்குத் தெரிந்துவிடுகிறது. எண்களை மறைக்கும் சேனல் வசதி இருக்கும்போது, பொது அறிவிப்புகளுக்கு அதுவே போதும். பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண் என்பதால், அம்மாவின் கைப்பேசியிலும் சேனலைச் சேர்த்துவிட வேண்டும். குழந்தையின் முகம், பெயர், வகுப்பு மூன்றையும் ஒரே பதிவில் போடும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலைப்பாடு. பரிசு வாங்கிய பிள்ளையைக் காட்டும் ஆசை புரிகிறது. முதுகுப்பக்கம் தெரியும் வகுப்பறைப் படமும் நல்ல படம்தான்.

ஸ்மார்ட்போனே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அங்கே நடந்துதான் போக வேண்டும். ரேஷன் கடைச் சுவர், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், கம்பெனி வாசல் ஆகிய இடங்களில் ஒட்டும், கொடுக்கும் ஒரு தாளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. வார்டு உறுப்பினர் அந்தச் செலவை ஏற்கலாம்; பனியன் கம்பெனி உரிமையாளர்கள் தங்கள் அறிவிப்புப் பலகையில் ஓர் இடம் தரலாம்.

அரசுப் பள்ளிகளில் சேர்க்கை இப்போது மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூனில் பள்ளி திறக்கும் முன், உங்கள் பகுதிப் பள்ளியின் மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரைத் தேடிப் போய், ‘எங்களால் என்ன செய்ய முடியும்?’ என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் கேளுங்கள்.