பயனற்ற வாய்கள்!

ஐரோப்பிய யுத்த சாஸ்திரத்தில் ‘பயனற்ற வாய்கள்’ என்று ஒரு சொற்றொடர் உண்டு. முற்றுகைக்குள் சிக்கிய கோட்டையில் ஆயுதம் ஏந்தாதவர் எல்லோருக்கும் சேனாதிபதிகள் சூட்டிய பெயர் அது. கிழவர், பெண்கள், குழந்தைகள், நோயாளிகள், கூலி வேலை செய்வோர் – இவர்களுக்குத் தின்னும் வாய் உண்டு; போரிடும் கை இல்லை. ஆகவே வெளியே தள்ளு!

இந்தச் சொல் எவ்வளவு கொடியது என்பதற்குச் சாட்சியாக ஒரு கோட்டை இன்றும் பாழாகி நிற்கிறது. பிரான்ஸ் தேசத்தில், நார்மண்டிப் பகுதியில், ஸீன் நதிக்கு மேலே சுமார் 300 அடி உயரத்தில், வெள்ளைப் பாறைமீது நிற்கும் ஷாத்தோ கையார் என்ற கோட்டைதான் அது. ‘சிங்க நெஞ்சன்’ ரிச்சர்டின் மேதைமை என்று இதைப் புகழ்ந்து எழுதாத சரித்திராசிரியர் குறைவு. அதன் சரித்திரத்தை உழைப்பாளி மக்களின் பக்கம் நின்று நாம் புரட்டிப் பார்ப்போம்.

ரிச்சர்டு இங்கிலாந்துக்கு அரசன், நார்மண்டிக்கும் அதிபதி. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில், 1192-ல், அவன் சிறைப்பட்டான். அவனை விடுவிக்கக் கேட்கப்பட்ட விலை 1,50,000 மார்க் வெள்ளி. கொடுத்தது யார்? வருமானத்திலும் பொருள்களிலும் நாலில் ஒரு பங்கு வரி என்று 1193-ல் குடிமக்கள் தலையில் சுமை ஏறியது. 1194-ல் மன்னன் வெளியே வந்தான். வந்தவன் மூச்சு விட்டானா? பிரெஞ்சு அரசன் பிலிப்போடு மீண்டும் யுத்தம். 1196-ல் புதுக் கோட்டைக்குக் கால்கோள்!

கோட்டை கட்டத் தேர்ந்த நிலம் ரூவான் நகரத்துப் பெரிய பிஷப்புக்குச் சொந்தம். அவர் கொடுக்க மறுத்தார், மன்னன் எடுத்துக்கொண்டான். உடனே பிஷப் நார்மண்டி முழுவதும் மாதாகோயில்களைச் சாத்திவிட்டார். செத்தவர்களுக்குச் சடங்கு இல்லை. பிணங்கள் புதைக்கப்படாமல் வீதியில் கிடந்தன. மன்னனுக்கும் பிஷப்புக்கும் நிலத் தகராறு. அதற்குத் தண்டனை குடியானவன் வீட்டுப் பிணத்துக்கு! 1197-ல் தியெப் துறைமுகமும் வேறு நிலங்களும் பிஷப்புக்குக் கைமாறின. அத்தோடு ஆண்டவனின் கோபமும் தணிந்துவிட்டது!

இரண்டே ஆண்டுகளில், 1198-க்குள், கோட்டை பெரும்பாலும் எழுந்துவிட்டது. அங்கு நடந்த வேலைகளுக்கு ஆன செலவு ஏறத்தாழ 12,000 பவுன். ரிச்சர்டு தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்துக் கோட்டைகள் அத்தனைக்கும் செய்த செலவு ஏறத்தாழ 7,000 பவுன்தான் என்றால், இதன் பிரம்மாண்டம் விளங்கும். அந்தச் செலவுக் கணக்கு இன்றும் இருக்கிறது. பாறையைக் குடைந்து அகழி வெட்டியவர், கல்லுடைத்தவர், கொத்தனார், சுண்ணாம்பு வேலை செய்தவர், தச்சர், கொல்லர், சுமையாள், தண்ணீர் சுமந்தவர், வண்டிக்காரர் – எல்லாத் தொழிலும் அதில் வரிசையாக நிற்கிறது. தலைமைச் சிற்பி என்று மட்டும் எவரும் குறிக்கப்படவில்லை. மன்னனே சிற்பியாக இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் ஊகித்துவிட்டார்கள்! காலியாக ஓர் இடம் கிடந்தால்கூட அதில் மகுடத்தைத்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

கோட்டையோடு சேர்ந்து, பாறையின் அடிவாரத்தில் சின்ன ஆந்தலி என்றொரு ஊரும் பிறந்தது. இனி நாம் பேச வேண்டியது அந்த ஊராரைப் பற்றி.

1199-ல் ரிச்சர்டு அம்புபட்டு இறந்தான். தம்பி ஜான் பட்டத்துக்கு வந்தான். 1203-ல் பிலிப்பின் படை வந்து சூழ்ந்தது, ஊர் வீழ்ந்தது. 1,400 பேருக்குக் குறையாத ஊரார் மேலே ஓடிக் கோட்டைக்குள் புகுந்தார்கள். கோட்டைத் தலைவன் ரோஜர் டி லேசி தானியக் கணக்கைப் பார்த்தான்; பயனற்ற வாய்களை எண்ணினான். முதலில் ஒரு கூட்டத்தை வெளியே அனுப்பினான். பிறகு இன்னொரு கூட்டம். பிரெஞ்சுப் படையினர் அவர்களைப் போகவிட்டார்கள். இது பிலிப்புக்கு எட்டியது. ‘இனி ஒருவரையும் விடாதே; உள்ளே இருக்கட்டும், தானியம் சீக்கிரம் தீரட்டும்’ – இதுதான் அவன் போட்ட கணக்கு.

மூன்றாவது கூட்டம் வெளியே வந்தபோது எதிரே அம்பு பாய்ந்தது. திரும்பி ஓடினார்கள், கோட்டைக் கதவு அடைத்துக் கிடந்தது. முன்னே பிலிப்பின் படை. பின்னே ஜானின் சுவர். நடுவே பாறைச் சரிவில், மார்கழிக் குளிரில், நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும்! புல்லைத் தின்றார்கள். கோட்டையிலிருந்து விரட்டப்பட்ட நாய்களைத் தின்றார்கள். பாதிக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பிலிப் நேரில் வந்து கண்ட பிறகுதான் சோறிட்டு விடச் சொன்னான். பலருக்கு அந்தச் சோறே எமனாயிற்று. காய்ந்த குடல் தாங்கவில்லை. இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஜானின் ஆளோ, ஏழைகளின் ஆளோ அல்ல. பிலிப்பின் சொந்தப் பாதிரியார்!

இரண்டு மன்னர்களுக்கும் தீராத பகை. ஆனால் ஏழையைப் பட்டினி போடுவதில் மட்டும் இருவருக்கும் என்ன ஒற்றுமை, பார்த்தீர்களா?

‘யுத்த காலத்தில் தளபதி வேறென்ன செய்வான்? இருக்கும் தானியம் வீரனுக்கா, கிழவனுக்கா?’ என்று வாதாடுவோர் உண்டு. அவர்களுக்குச் சரித்திரமே பதில் சொல்லிவிட்டது. 1204 மார்ச் 6-ந் தேதி கோட்டை விழுந்தது. பட்டினியால் அல்ல, அடியில் தோண்டிச் சுவரைச் சரித்து, உள்ளே புகுந்து பிடித்தார்கள். ஏழைகளின் வாயிலிருந்து பறித்த தானியம் ஒரு கல்லைக்கூடக் காப்பாற்றவில்லை. தளபதி டி லேசி? சிறைப்பட்டான், மீட்புப் பணம் கொடுக்கப்பட்டது, யார்க்‌ஷயர் ஷெரீப் பதவியும் கிடைத்தது. சரிவில் செத்தவர்களுக்கு மீட்புப் பணம் கொடுக்க எந்த மன்னன் இருந்தான்?

இது ஒரு தளபதியின் தனிக் குணமா? இல்லை. 1418-19-ல் அதே நார்மண்டியில், ரூவான் நகரத்தை இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றி முற்றுகையிட்டபோது, ஆயிரக்கணக்கான ஏழைகளை நகரத்தார் வெளியே தள்ளினார்கள், ஹென்றி வழிவிடவில்லை, அகழியிலேயே மடிந்தார்கள். ஆள் மாறினான், ஆண்டு மாறியது, கணக்கு மாறவில்லை.

கோட்டை என்னவாயிற்று? 1599-ல் நான்காம் ஹென்றி இடிக்கச் சொன்னான். மடத்துத் துறவிகள் தங்கள் மடங்களைச் செப்பனிடக் கல் எடுத்துப் போனார்கள். 1611-ல் இடிப்பு நின்றது. 1862-ல் மிச்சத்தைத் தேசியச் சின்னமாக்கிப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். கல்லுக்குப் பாதுகாப்பு வந்தது, நல்லது. மக்களுக்கு?

‘பயனற்ற வாய்கள்’ என்று இன்று எவனும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாகரிகம் வளர்ந்துவிட்டதல்லவா! ‘உபரித் தொழிலாளர்’ என்கிறான். ‘ஆட்குறைப்பு’ என்கிறான். ‘மானியச் சுமை’ என்கிறான். ஆலை எழும்போது வேண்டிய கை, லாபம் குறைந்தவுடன் வெறும் வாயாகிவிடுகிறது. கை எப்போது வாயாக மாறியது? கணக்கெழுதுகிறவன் மாற்றினான், களஞ்சியத்தின் சாவி அவன் இடுப்பில் இருப்பதால் மாற்றினான்.

ஆகவே தோழர்களே, ‘உபரி’ என்ற சொல் எந்த ஆலை வாசலில் கேட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எண்ணியது யார்? சாவி யாரிடம்? எண்ணியவன் தன் வாயை எந்தப் பத்தியில் சேர்த்தான்?

முதல் கூட்டம் வெளியேற்றப்பட்டபோது, நமக்கு வராது என்று மற்றவர் இருந்திருப்பார்கள். மூன்றாவது கூட்டத்துக்குத்தான் கதவு இரண்டு பக்கமும் அடைபட்டது. முதல் கூட்டத்துக்காகவே எழுந்து நிற்பதுதான் சங்கம், அதற்குத்தான் சங்கம்!